சிறு காயமும் விபத்தே

வெந்நீர் பாய்லரின் குழாயை எப்படித் திறக்கக் கூடாது என்று கேன்டீன் சந்திரம்மாளுக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தபோதுதான் கோமதிநாயகத்தின் கை வெந்தது.

"இப்படி முன்னால கையை வச்சுக்கிட்டுத் திருகினா, ஆவி நேரா வந்து..." என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. மீதியை ஆவி சொல்லிக் கொடுத்தது.

வலது மணிக்கட்டுக்கு மேலே நான்கு விரல் அகலத்துக்குச் சிவந்துவிட்டது. கோமதிநாயகம் கத்தவில்லை. கத்தக்கூடிய பதவியில் அவர் இல்லை. ஒரகடத்தில் கார்களுக்குக் கதவுப் பூட்டு செய்யும் அந்தக் கம்பெனியில் அவர்தான் பாதுகாப்பு அலுவலர்.

"அய்யய்யோ, இன்னா சார் இது! தண்ணில காட்டு சார், தண்ணில!" என்று சந்திரம்மாள் அவரைக் கை கழுவும் தொட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

தொட்டிக்கு மேலே அவரே ஒட்டிய தாள் இருந்தது. ‘தீக்காயமா? இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டவும்.’ கோமதிநாயகம் இருபது நொடி காட்டினார். அதற்குள் யாரோ வரும் பூட்ஸ் சத்தம் கேட்கவே, கையைத் துடைக்காமலேயே முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"வேல்விழி சிஸ்டராண்ட போ சார். மருந்து வெச்சிகினு சும்மாத்தான் குந்தினுகீது அந்தப் பொண்ணு."

"சிஸ்டர்கிட்டயா? போனா ரெஜிஸ்டர்ல எழுதும். எழுதுனா என்ன ஆகும் தெரியும்லா?"

சந்திரம்மாளுக்குத் தெரியும். அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். கேட்டுக்குள் நுழைந்ததும் ஆளுயரத்துக்கு ஒரு போர்டு நிற்கிறது. ‘விபத்தில்லா நாட்கள்: 361.’ அதற்குக் கீழே சிவப்பில், ‘சிறு காயமும் விபத்தே.’ மற்ற கம்பெனிகளில் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் போர்டு பூஜ்யத்துக்கு வரும். கோமதிநாயகத்துக்கு அது போதவில்லை. முதலுதவி அறையின் ரெஜிஸ்டரில் ஒரு கீறல் பதிவானாலும் பூஜ்யம் என்று விதி எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

போன வருடம் தொண்ணூற்றெட்டாவது நாளில், அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் மாரிராஜ் என்ற கோவில்பட்டிப் பையன் விரலைத் தகட்டில் கீறிக்கொண்டு, வெள்ளந்தியாக முதலுதவி அறைக்குப் போய் ஒரு பிளாஸ்டர் வாங்கி ஒட்டிக்கொண்டான். போர்டு பூஜ்யமாயிற்று. நூறாவது நாளுக்குச் சொல்லிவைத்திருந்த பிரியாணி ரத்தாயிற்று. கம்பெனி பஸ்ஸில் மாரிராஜ் பக்கத்தில் ஒரு மாதத்துக்கு யாரும் உட்காரவில்லை. கோமதிநாயகத்துக்கே மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. ஆனால் பலன் கிடைத்துவிட்டதே! அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை முந்நூற்று அறுபத்தைந்தாவது நாள். மும்பைத் தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மா கேடயத்தோடு வருகிறார். தொழிலாளர் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு குக்கர். கோமதிநாயகத்துக்குப் பாதுகாப்பு மேலாளர் என்ற பதவி உயர்வுக் கடிதம். பதினொரு வருடமாகக் காத்திருந்த கடிதம் அது. அவருடைய மனைவி முத்துச்செல்வி சங்கரன்கோவில் சொந்தங்கள் அத்தனை பேருக்கும் இப்போதே சொல்லி முடித்துவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் சந்திரம்மா. வெளிய மூச்சு விட்றாத."

"நான் யாராண்ட சார் சொல்லப் போறேன்?" என்ற சந்திரம்மாள், அண்டாவிலிருந்து ஒரு கரண்டி இட்லி மாவை எடுத்தாள். "கைய நீட்டு. குளுகுளுன்னு இருக்கும்."

குளுகுளு என்றுதான் இருந்தது, பதினொரு மணி வரைக்கும். பதினொரு மணிக்கு ஆலை மேலாளர் ஜெபகுமாரின் குளிர்சாதன அறையில் கூட்டம். கதவைச் சாத்திய பத்தாவது நிமிடம் ஜெபகுமார் மூக்கை உறிஞ்சினார்.

"யாராவது டிபன் பாக்ஸைத் திறந்து வச்சிருக்கீங்களா? மாவு புளிச்ச வாசனை வருது."

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். கோமதிநாயகமும் மற்றவர்களைச் சந்தேகமாகப் பார்த்து வைத்தார். கூட்டம் முடிந்ததும் கழிவறைக்கு ஓடினார். காய்ந்த மாவைச் சுரண்டியபோது அதோடு கொஞ்சம் தோலும் வந்தது.

மறுநாள் காலை அசெம்பிளி லைனில் நின்று சட்டைக் கையை ஊதிக்கொண்டிருந்தவரை மாரிராஜ் பார்த்துவிட்டான்.

"ஊதாதிய சார். ஊதுனா, நிப்பாட்டுனப்புறம் ஜாஸ்தியாத்தான் எரியும்."

கோமதிநாயகம் திடுக்கிட்டுத் திரும்பினார். இவனிடமா மாட்டிக்கொள்ள வேண்டும்? மாரிராஜ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, டூல் பாக்ஸின் அடித்தட்டிலிருந்து ஒரு பேஸ்ட் ட்யூபை எடுத்து நீட்டினான்.

"இதத் தடவுங்க. கப்புன்னு அடங்கிரும்."

"நீ எதுக்கு பேஸ்டெல்லாம் கையோட வச்சிருக்க?"

"டூட்டி முடிஞ்சதும் பல்லு வெளக்குவேன் சார்."

எவ்வளவு சுத்தமான பையன் என்று கோமதிநாயகத்துக்குத் தோன்றியது. "போன வருஷம் உன்னய நான்..." என்று ஆரம்பித்தார்.

"அத விடுங்க சார். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

அது கிராம்பும் உப்பும் கலந்த பேஸ்ட். தடவிய முதல் நிமிடத்தில் கோமதிநாயகத்துக்குச் சொர்க்கம் தெரிந்தது. இரண்டாவது நிமிடத்தில் அவர் கேன்டீன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். பேஸ்ட் காய்ந்து, இறுகி, வெடித்து, மாலையில் ஜெபகுமாரின் கறுப்பு மேசையில் வெள்ளை வெள்ளையாக உதிர ஆரம்பித்தது.

"என்ன கோமதி இது?"

"சீலிங் சார்" என்றார் கோமதிநாயகம், வாயில் வந்ததை.

ஜெபகுமார் அண்ணாந்து பார்த்தார். "சீலிங் உதிருதா? ஹால்லயும் இதே சீலிங்தானே, வெள்ளிக்கிழமை விழா வேற அங்க வச்சிருக்கோமே! இயக்குநர் அம்மா தலையில விழுந்தா?"

அடுத்த அரைமணி நேரத்தில் ஹாலுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிப் பூட்டிவிட்டார்கள். பூட்டச் சொல்லும் படிவத்தில் பாதுகாப்பு அலுவலர் என்ற முறையில் கோமதிநாயகமே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. விழா வெட்டவெளிக்கு, போர்டுக்கு எதிரே மாற்றப்பட்டது. சித்திரை மாத வெயிலில்.

புதன்கிழமை எரிச்சல் போய் அரிப்பு வந்தது. எரிச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துவிடலாம். அரிப்புக்குப் பல் உதவுவதில்லை. கோமதிநாயகம் அடையாள அட்டையின் விளிம்பால் சொறிந்தார். ஸ்கேலால் சொறிந்தார். ஆள் இல்லாத இடத்தில் தூணில் உரசிக்கொண்டார். தினமும் ஷிப்ட் தொடங்கும்போது எல்லோரும் கை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி சொல்வார்கள். அதில் ‘சிறு காயத்தையும் மறைக்க மாட்டேன்’ என்று ஒரு வரி உண்டு. எழுதியவர் அவர்தான். திங்கள் முதல் அந்த வரி வரும்போதெல்லாம் அவருக்கு இருமல் வந்துகொண்டிருந்தது.

மாலையில் கேட் பக்கம் நடந்து வரும்போது முத்துச்செல்வியின் போன் வந்தது.

"சட்டைக் கைல என்னங்க வெள்ளையாக் காஞ்சு கெடக்கு? துவைச்சாப் போகவே மாட்டேங்கு. கையக் கிய்யச் சுட்டுட்டியளா?"

இனி மறைத்துப் பயனில்லை. கோமதிநாயகம் செக்யூரிட்டி அறை நிழலில் ஒதுங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆமா, சுட்டுட்டேன். கம்பெனிக்குள்ள வச்சுத்தான்... இல்ல, மேனேஜருக்குத் தெரியாது. சட்டைக்குள்ள மறைச்சுல்லா கொண்டு வாரேன்... வெள்ளிக்கிழம வரைக்கும் மாட்டாம இருந்தாப் போதும் செல்வி."

ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த காவலாளி யாக்கோபு டம்ளரைக் கீழே வைத்தார். பென்னலூர்க்காரரான யாக்கோபுக்கு, ‘சுட்டுட்டேன்’ என்றால் ஒரே அர்த்தம்தான். பூட்டுத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலரே பூட்டைச் சுட்டுவிட்டாரா? அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார்.

"சார், கொஞ்சம் நில்லு. பேக்கைத் தொற."

"என்னையவா?"

"யாரா இருந்தாலும் தொறந்து காட்டணும்னு நோட்டீஸ் ஒட்னது நீதானே சார்."

பையில் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில் இரண்டு உருளைக்கிழங்குகள் இருந்தன. அரைத்துப் போட்டால் அரிப்பு நிற்கும் என்று சந்திரம்மாள் மத்தியானம் கொடுத்தவை. யாக்கோபு அவற்றை ஒன்றொன்றாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"உருளக்கெழங்கா? இதையா சார் சுட்ட? இன்னா சார், உன் படிப்புக்கும் பதவிக்கும்..." அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. "வூட்ல கஷ்டம்னா சொல்லக்கூடாதா சார்?"

"யாக்கோபு, நீ நெனைக்கிறது இல்லப்பா."

"சட்டைக்குள்ள வேற ஏதோ கீதுன்னியே. எடு சார். நானே கேன்டீன்ல வெச்சிட்றேன். யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

உருளைக்கிழங்குத் திருடன் என்று பெயர் வாங்குவதைவிட உண்மையே மேல் என்று கோமதிநாயகம் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினார். யாக்கோபு குனிந்து பார்த்து ‘ச்ச்ச்’ என்றார். பிறகு ஒரு கைதேர்ந்த வைத்தியரைப் போலத் தலையை ஆட்டினார்.

"இதுக்குப் போயி கெழங்கு அரைப்பாங்களா? கத்தாழை சார், கத்தாழை. நம்ம பார்க்கிங் பக்கம் வெச்சிகீறேன்."

"நீயா வச்ச? நல்லா தழைச்சிருக்கே. நான் அழகுக்குன்னுல்லா நெனைச்சேன்."

"அழகுக்குந்தான் சார்" என்றார் யாக்கோபு அவசரமாக.

கத்தாழையை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் போட வேண்டும். அதைச் சொல்வதற்குள் ஷிப்ட் பஸ் வந்து யாக்கோபு கேட்டைத் திறக்க ஓடிவிட்டார். குன்றத்தூர் வீட்டில் கோமதிநாயகம் முதலில் கிழங்கை அரைத்துப் போட்டுப் பார்த்தார்; பிறகு பறித்து வந்த மடலைப் பாலோடு சேர்த்து நன்றாகத் தேய்த்தார். வியாழக்கிழமை விடிந்தபோது நான்கு விரல் அகலத்துக்கு இருந்த சிவப்பு முழங்கையைத் தொட்டிருந்தது.

"பேசாம சொல்லிருங்களேன்" என்றாள் முத்துச்செல்வி, அவர் கையைப் பார்த்தபடி.

"லெட்டர்?"

"எனக்கும் ஆசைதான். ஆனா நேத்து ராத்திரி தூக்கத்துல நீங்க சொறிஞ்ச சத்தத்துல எனக்குத் தூக்கமே வரல. வர்ற லெட்டர எந்தக் கையால வாங்குவிய?"

"இன்னும் ஒரே நாள் செல்வி" என்றார் கோமதிநாயகம். அவருக்கே தன் குரல் கெஞ்சுவது போலக் கேட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வெயில் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. பந்தல் மேடைக்கு மட்டும்தான். கதவுப் பூட்டு செய்யும் நானூறு பேரும் முழுக்கைச் சட்டையோடு வெட்டவெளியில் வரிசையாக நின்றார்கள். ஓரமாக ஒரு லாரி நிறைய குக்கர்கள். மேடையில் இயக்குநர் அம்மா, ஜெபகுமார், பட்டுத்துணி போர்த்திய கேடயம், நீளமான ஒரு வெள்ளை உறை. போர்டில் ‘365’ என்ற எண்கள் புதுப் பெயிண்டில் பளபளத்தன.

"முதலில் நம் பாதுகாப்பு அலுவலர் உறுதிமொழி வாசிப்பார்" என்றார் ஜெபகுமார்.

கோமதிநாயகம் மைக் முன்னால் வந்து வலது கையை நீட்டினார். நானூறு கைகள் நீண்டன. சட்டைக்குள் வியர்வை ஒரு கோடாக இறங்கிக் காயத்தைத் தொட்டது. ஆயிரம் எறும்புகள் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன.

"என் உயிரையும்..."

"என் உயிரையும்..."

"உடன் பணிபுரிவோர் உயிரையும் காப்பேன்."

அதையும் நானூறு பேர் திருப்பிச் சொன்னார்கள். அடுத்து அந்த வரி. மைக் முன்னால் இரும முடியாது. கோமதிநாயகம் எதிரே பார்த்தார். முதல் வரிசையில் மாரிராஜ், கை நீட்டியபடி நின்றான். பிளாஸ்டர் ஒட்டிய விரலோடு பஸ்ஸில் ஒரு மாதம் தனியாக உட்கார்ந்து போனவன். அவனுக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா? பதினொரு வருடக் கடிதம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவமானமாக இருந்தது. அதைவிட, ரொம்பவும் அரித்தது.

"சிறு காயத்தையும்..."

"சிறு காயத்தையும்..."

"மறைக்க..."

"மறைக்க..."

"மறைச்சிட்டேன்" என்றார் கோமதிநாயகம்.

பழக்க தோஷத்தில் நானூறு பேரும் ஒரே குரலில் முழங்கினார்கள்: "மறைச்சிட்டேன்!"

எதிரொலி அடங்கியபோது கோமதிநாயகம் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். "திங்கக்கிழமை கேன்டீன்ல சுட்டது. எழுதல. பதவி போயிருமேன்னு பயந்து மறைச்சிட்டேன். போர்டுல இருக்கது பொய்க்கணக்கு. மன்னிச்சிருங்க" என்றார். ஐந்து நாளில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு நெஞ்சு வரைக்கும் இறங்கியது.

ஜெபகுமார் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு பல்லைக் கடித்தார். "அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருக்கக்கூடாதா கோமதி?"

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விறுவிறுவென்று நடந்தது. கோமதிநாயகமே ஸ்டூலில் ஏறி மூன்று பூஜ்யங்களை மாட்டினார். இயக்குநர் அம்மா அவரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்; வெள்ளை உறையைத் திரும்பத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். கேடயம் வந்த காரிலேயே ஏறியது. குக்கர் லாரி ரிவர்ஸ் எடுத்தது.

முதலுதவி அறையில் வேல்விழி அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என்னென்ன சார் போட்டீங்க?"

"இட்லி மாவு. பேஸ்ட். உருளைக்கிழங்கு. கத்தாழை."

"சட்னி மட்டும் பாக்கி" என்றாள் அவள். குழாயைத் திறந்து, மிதமாக விழும் தண்ணீரில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "புண்ணு அதுபாட்டுக்கு ஆறிக்கிட்டுதான் இருந்திருக்கு சார். நீங்கதான் விடல. தோல் புதுசா வரும்போது அரிக்கத்தான் செய்யும். அரிச்சா ஈரத்துணி வைங்க. சொறியக்கூடாது. இந்த முரட்டுச் சட்டை உரசாம இருந்தாலே பாதி சரியாயிடும்."

மெத்தென்ற துணியால் ஒற்றியெடுத்து, வாசனையில்லாத வாஸ்லினை மெல்லிசாகப் பூசி, காற்றாடத் தளர்வாகத் துணி சுற்றினாள். ஊறலும் அரிப்பும் மெல்ல மெல்ல அடங்கின. அடங்கியே விட்டன. இவ்வளவுதானா? இதற்காகவா ஐந்து நாள்? கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"வலிக்குதா சார்?"

"இல்லம்மா. நல்லா இருக்கு."

வேல்விழி ரெஜிஸ்டரை எடுத்துத் தூசி தட்டி, மாரிராஜ் பெயருக்கு அடுத்த வரியில் அவர் பெயரை எழுதினாள். அப்போதுதான் வெளியே சலசலப்புக் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவளுக்கு முகம் மாறியது.

"சார், கூட்டமா வர்றாங்க. அம்பது அறுபது பேர் இருப்பாங்க. குக்கர் போன கோபமா இருக்கும். பின்பக்கம் ஒரு கதவு இருக்கு, போயிடுறீங்களா?"

கோமதிநாயகமும் பார்த்தார். சந்திரம்மாள், மாரிராஜ், லைனில் தினமும் பார்க்கிற முகங்கள். எல்லோருக்கும் முன்னால் யாக்கோபு. பின்கதவுப் பக்கம் கோமதிநாயகம் திரும்பவில்லை. ஒளிந்தது போதும் என்று இருந்தது. முன்கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றார்.

"உங்க குக்கர் என்னாலதான் போச்சு" என்றார். "என்ன சொல்லணுமோ சொல்லுங்க. கேட்டுக்கிடுதேன்."

மாரிராஜ் சட்டைக் கையின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். சந்திரம்மாள் முழங்கைக்கு மேல் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். யாக்கோபு ஒரு படி ஏறி வந்து, பேன்ட்டைக் கெண்டைக்கால் வரை சுருட்டினார். பார்க்கிங்கில் பைக் சைலன்சர் பட்ட புண்; மேலே பேஸ்ட் காய்ந்திருந்தது.

"குக்கர் கெடக்கட்டும் சார், வூட்ல ரெண்டு கீது. போர்டு இன்னிக்கு ஜீரோதானே? எங்களோடதையும் இன்னிக்கே எழுதிக்கச் சொல்லு சார், நாளைக்குன்னா ஒண்ணாயிடும்."